அத்தியாயம் 6: பழைய அடியும் விட்டுப்போன பலமும்

கபடி ஆடி வளர்ந்தவர்களின் உடம்பில் பழைய அடி ஒன்றாவது இருக்கும். பாடிப் போனபோது எதிரணி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, பாதம் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திருகிய முட்டி. நடுக்கோட்டை எட்டக் கையை நீட்டிப் பாய்ந்ததில் விலகிய தோள். மண் களத்தில் பலமுறை மடங்கித் தளர்ந்துபோன கணுக்கால். இருபது வயதில் இவற்றைப் பொருட்படுத்தாமல் ஆடியவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள். மாடிப்படி இறங்கும்போது முட்டி உறுத்துகிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. எடை கூடியிருக்கிறது. மறுபடியும் உடம்பைத் தேற்றலாம் என்று ஓடத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே முட்டி வீங்கிவிடுகிறது. "பழைய அடி, இனிமேல் இவ்வளவுதான்" என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தத் தேவையில்லை. அடிபட்ட காலத்தில் கட்டுப் போட்டோம், ஓய்வெடுத்தோம், வலி போனதும் குணமாகிவிட்டது என்று எழுந்து நடந்தோம். வலி போவது மீட்சியின் முதல் பாதி. அடிபட்ட மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் பழைய பலத்தைப் பெறுவது இரண்டாம் பாதி. நம்மில் பெரும்பாலோர் அந்த இரண்டாம் பாதியைச் செய்ததே இல்லை. இருபது ஆண்டு தாமதமானாலும் அதை இப்போது செய்து முடிக்கலாம். அதற்கான 16 வார வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. கபடியை மனத்தில் வைத்து எழுதினாலும் வாலிபால், கால்பந்து, கோ-கோ ஆடியவர்களுக்கும் இது பொருந்தும்.

## அன்று என்ன நடந்தது

முட்டி வீங்கியதும் மூளையும் தண்டுவடமும் முன்தொடைத் தசைக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகின்றன. மூட்டுக்குள் நீர் சேர்ந்திருக்கும்வரை, நீங்கள் எவ்வளவு முயன்றாலும் அந்தத் தசை முழுதாக இறுகாது. சில வாரங்களிலேயே தொடை மெலியத் தொடங்கும். வீக்கம் வடிந்த பிறகும் தசை தானாகத் திரும்பி வருவதில்லை. அதற்கென்று வேலை கொடுத்தால்தான் வரும். வேலை கொடுக்காதபோது உடம்பு குறுக்கு வழி கண்டுபிடிக்கிறது. எழும்போது நல்ல காலில் ஊன்றுகிறோம், படியில் நல்ல காலை முதலில் வைக்கிறோம். இருபது ஆண்டு இப்படியே போனால் அடிபட்ட கால் பலவீனமாகவே தங்கிவிடும்.

இதோடு வயதும் சேர்கிறது. பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பதுகளிலிருந்தே தசை மெல்ல மெல்லக் குறைகிறது. பழைய முட்டிக் காயம் உள்ளவர்களுக்கு மூட்டுத் தேய்மானமும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது. முட்டியின் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) அல்லது மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு) கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் தேய்மானம் வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் தேய்ந்த மூட்டையும் பலப்படுத்த முடியும். டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய கிளாட் என்ற திட்டத்தில், முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் வாரம் இருமுறை, ஆறு வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். வலி குறைவதும் நடை மேம்படுவதும் அங்கே ஏராளமான நோயாளிகளிடம் பதிவாகியிருக்கின்றன. வயதும் தடையில்லை. 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தபோது அவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டி உயர்ந்தது. தொண்ணூறில் வளரும் தசை நாற்பத்தைந்தில் வளராமல் போகாது.

## பழைய ஆட்டக்காரருக்கே உரிய ஆபத்து

புதிதாக உடற்பயிற்சி தொடங்குபவரைவிட, ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர் எளிதில் அடிபடலாம். ஆட்டத்தின் அசைவுகளை நரம்பு மண்டலம் மறப்பதில்லை. எதிரணியின் கை நீண்டதும் இருபது வயதில் துள்ளிய அதே வேகத்தில் இன்றும் துள்ளச் சொல்கிறது. மூச்சும் சில வாரங்களிலேயே ஓரளவு தேறிவிடும், தசையும் இரண்டு மாதத்தில் பலமாகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மட்டும் மிக மெதுவாகவே உறுதிப்படும். அதற்குப் பல மாதம் வேண்டும். தசை தயார், நாண் தயாரில்லை என்ற இந்த இடைவெளியில்தான் குதிகால் நாண் அறுவதும் பின்தொடை பிடித்துக்கொள்வதும் நடக்கின்றன. பொங்கல் விளையாட்டில் "மூத்தோர் அணி" என்று திடீரென்று களமிறங்குபவர்கள் நொண்டியபடி வெளியே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கீழே உள்ள திட்டத்தில் இரண்டாம் கட்டம் ஆறு வாரம் நீள்வதும் இந்த நாணுக்காகத்தான். அதைச் சுருக்காதீர்கள்.

## முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

கீழ்க்காண்பவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்குங்கள்.

இதயம் சார்ந்தவை: நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, மயக்கம், படபடப்பு. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தெற்காசியர்களுக்கு இதயநோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. விளையாடிய உடம்பு என்பது அதற்குக் காப்பு ஆகாது.

மூட்டு சார்ந்தவை: முட்டி நடுவில் சிக்கி, நீட்டவோ மடக்கவோ முடியாமல் போவது, நடக்கும்போதே முட்டி விலகி ஆளை இறக்கிவிடுவது, ஓய்விலும் இரவிலும் விடாத வலி, மூட்டு சிவந்து சூடாகி, காய்ச்சலும் இருப்பது, தோள் அடிக்கடி விலகுவது, கை காலில் மரத்துப்போதலோடு பலக்குறைவு.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் பயந்துவிட வேண்டாம். நடுவயதைத் தாண்டியவர்களின் முட்டியில் மெனிஸ்கஸ் கிழிசல் மிகச் சாதாரணமாகத் தெரியும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வெளியானது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முட்டியில் வலியோ இறுக்கமோ எதுவும் இல்லை. ஸ்கேனில் தெரிவது எல்லாமே உங்கள் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. மருத்துவரிடம் கேளுங்கள்: "இந்தக் கிழிசல்தான் என் தொல்லைக்குக் காரணமா? மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாமா?"

ஏ.சி.எல். எனப்படும் முன் குறுக்கு லிகமென்ட் அறுந்தவர்களுக்கும் இது பொருந்தும். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், மூட்டு அளவுக்கு மீறித் திருகாமலும் தடுப்பது அது. அறுந்தால் அறுவைசிகிச்சைதான் ஒரே வழி என்பதில்லை. புதிதாக ஏ.சி.எல். அறுந்த இளம் விளையாட்டு ஆர்வலர்கள் 121 பேரை வைத்து சுவீடனில் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. உடனே அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களும், பயிற்சியை முதலில் செய்து தேவைப்பட்டால் மட்டும் அறுவைக்குப் போனவர்களும் இரண்டாண்டு கழித்துச் சமமாகவே இருந்தார்கள். அன்றாட நடையிலேயே முட்டி விலகுபவர்களுக்கு அறுவை தேவைப்படலாம். அதை எலும்பு மருத்துவர் முடிவு செய்யட்டும். அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது.

## ஐந்து வீட்டுச் சோதனைகள்

நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தேதி போட்டு இவற்றைக் குறித்துவையுங்கள். இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். உங்கள் நல்ல பக்கம்தான் உங்களுக்கான அளவுகோல்.

1. தொடைச் சுற்றளவு: முட்டிச் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே குறியிட்டு, தையல் நாடாவால் அளக்கவும். 1 செ.மீ. வித்தியாசம் நாடா பிடிக்கும் விதத்திலேயே வரலாம். 2 செ.மீ. என்றால் தசை மெலிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

2. ஒற்றைக்காலில் எழுதல்: சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டி, ஒரு காலால் மட்டும் எழுந்து மெதுவாக உட்காரவும். எத்தனை முறை முடிகிறது? முட்டி உள்பக்கம் சாய்கிறதா? முதலில் இரண்டு காலாலும் பத்து முறை எழ முடிந்தவர்கள் மட்டும் இதைச் செய்யவும்.

3. ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்தல்: சுவரில் விரல் நுனி தொட்டபடி ஒரு காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்கவும். 20 முறை என்பது நல்ல இலக்கு.

4. ஒற்றைக்கால் நிலை: கண் திறந்தபடி 30 விநாடி. கணுக்கால் பலமுறை மடங்கியவர்களுக்கு இதில் தடுமாற்றம் பளிச்சென்று தெரியும்.

5. தோள்: சுவரில் முதுகு சாய்த்து நின்று, இரு கைகளையும் முன்வழியாகத் தலைக்கு மேலே தூக்கிச் சுவரைத் தொடவும். எந்தக் கை நிற்கிறது, எந்த உயரத்தில் வலிக்கிறது என்று எழுதவும்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை இதே சோதனைகளைத் திரும்பச் செய்யுங்கள். எடை பார்க்கும் மெஷினைவிட இந்த ஐந்து எண்களே உங்கள் நிலைமையைச் சரியாகச் சொல்லும்.

## வலிக்கு ஒரு விதி

பழைய அடி உள்ளவர்கள் வலியே இல்லாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே முடியாது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதும் தவறு. பிசியோதெரபிஸ்ட்கள் பயன்படுத்தும் கணக்கு எளிது. வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாதது 10 என்று வையுங்கள். பயிற்சியின்போது 2 வரை கவலை இல்லை. 5 வரை பொறுத்துக்கொள்ளலாம். 5-ஐத் தாண்டினால் அந்தப் பயிற்சியை நிறுத்தி, எடையையோ ஆழத்தையோ குறைக்கவும்.

இதைவிட முக்கியமானது மறுநாள் காலை. வலி பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால் நேற்றுச் செய்தது சரியான அளவு. வலி கூடியோ முட்டி வீங்கியோ இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு குறைக்கவும். வீக்கத்தை ஒருபோதும் புறக்கணிக்காதீர்கள். முட்டிக்குள் நீர் இருக்கும்போது முன்தொடைத் தசை சரியாக இயங்காது என்பதை மேலே பார்த்தோம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்யும் பழக்கம் வேண்டாம். மறுநாள் காலைக் கணக்கை அது பொய்யாக்கிவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பல நாள் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

## முதல் கட்டம்: 1 முதல் 4 வாரம் வரை – தசையை எழுப்புதல்

தினமும் 20 நிமிடம் சமதளத்தில் நடக்கவும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். நடந்தால் முட்டி உறுத்துபவர்கள் சைக்கிளுக்கோ நீச்சலுக்கோ மாறலாம். சைக்கிள் சீட்டை உயர்த்திவைத்தால் முட்டி அதிகம் மடங்காது.

பலப்பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள்:

– முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முன்தொடையை இறுக்கி அதை அழுத்துதல்: 5 விநாடி, 15 முறை.
– மல்லாந்து படுத்துக் காலை நேராக ஓரடி உயரம் தூக்குதல்: ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, 2 சுற்று.
– முட்டியை மடக்கிப் படுத்து இடுப்பை உயர்த்துதல்: 12 முறை, 2 சுற்று.
– நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்தல்: 10 முறை, 3 சுற்று. உட்கார்வதற்கு மூன்று விநாடி எடுத்துக்கொள்ளவும்.
– இரு காலில் குதிகால் உயர்த்துதல்: 15 முறை, 2 சுற்று.
– சுவரில் கை ஊன்றித் தண்டால்: 10 முறை, 2 சுற்று.
– ஒற்றைக்காலில் நிற்பது: பல் துலக்கும்போது காலுக்கு ஒரு நிமிடம், தினமும்.

எழும்போது இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். நல்ல காலின் மேல் சாயும் இருபது ஆண்டுப் பழக்கம் முதலில் தலைகாட்டும் இடம் அதுதான். நிலைக்கண்ணாடி முன்னால் செய்தால் சாய்வு உடனே தெரியும்.

## இரண்டாம் கட்டம்: 5 முதல் 10 வாரம் வரை – சுமை ஏற்றுதல்

இந்த ஆறு வாரம்தான் திட்டத்தின் உயிர். தசையும் நாணும் எலும்பும் சுமையைச் சந்தித்தால்தான் உறுதிப்படும். வாரம் மூன்று நாள், இடையில் ஒருநாளாவது ஓய்வு.

– அரை பஸ்கி: தொடை தரைக்கு இணையாகும்வரை போகத் தேவையில்லை; வலி 5-ஐத் தாண்டாத ஆழம் போதும். முதுகுப்பையில் 5 கிலோ அரிசி வைத்துத் தொடங்கலாம்.
– படி ஏறி இறங்குதல்: ஒரு படியில் அடிபட்ட காலை வைத்து ஏறி, அதே காலின் பலத்தில் மெதுவாக இறங்கவும். முட்டி கால்விரல்களின் நேர்க்கோட்டிலேயே இருக்கட்டும்.
– இடுப்பை மடித்து எழுதல்: முட்டியைச் சற்றே வளைத்து, முதுகை நேராக வைத்து, இரு கையிலும் தண்ணீர்க் கேனோடு குனிந்து எழுவது. பின்தொடைக்கு இதைவிட எளிய நல்ல பயிற்சி இல்லை.
– ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துதல்.
– பக்கவாட்டு நடை: முட்டிக்கு மேலே ரப்பர் பட்டை மாட்டி, அரை மண்டியில் பக்கவாட்டில் பத்து எட்டு, திரும்பப் பத்து எட்டு.
– தண்டால்: சுவரிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து தரைக்கும் படிப்படியாக இறங்கவும்.
– ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை இரு கையாலும் பின்னோக்கி இழுத்தல்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, 3 சுற்று. சுற்றை முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். 12 முறை எளிதாகிவிட்டால் எடையைக் கொஞ்சம் கூட்டவும். பலவீனமான காலுக்கு ஒரு சுற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். நடையை 40 நிமிடம் வரை கொண்டுபோகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் பலப்பயிற்சியையும் சொல்கிறது. பத்தாம் வாரத்தில் நீங்கள் அந்த அளவுக்குள் வந்திருப்பீர்கள்.

## மூன்றாம் கட்டம்: 11 முதல் 16 வாரம் வரை – ஓட்டமும் குதிப்பும்

நாட்காட்டியைப் பார்த்து இதற்குள் நுழையாதீர்கள். மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: மூட்டில் வீக்கம் இல்லை, 30 நிமிட வேக நடைக்கு மறுநாள் தொல்லை இல்லை, ஒற்றைக்கால் சோதனைகளில் அடிபட்ட கால் நல்ல காலின் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிட்டது. எட்டவில்லை என்றால் இரண்டாம் கட்டத்தையே தொடருங்கள். அது தோல்வியில்லை. அந்த முட்டிக்கு அவ்வளவு காலம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

ஓட்டம் வாரம் மூன்று நாள், மண் தரையில் அல்லது புல்லில். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இதை ஆறு முறை. மறுநாள் தொல்லை இல்லையென்றால் ஓட்டத்தில் அரை நிமிடம் கூட்டவும். 16-ம் வாரம் 15 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தால் நல்ல முன்னேற்றம்.

குதிப்பில் முதலில் பழக வேண்டியது இறங்குவது. ஏ.சி.எல். காயங்களில் பெரும்பகுதி இன்னொருவர் மோதாமலேயே, குதித்து இறங்கும்போதும் திடீரென்று திசை மாறும்போதும் நேர்கின்றன. இரு காலில் சிறிதாகக் குதித்து, முட்டியும் இடுப்பும் மடங்க, ஓசையில்லாமல் இறங்கவும். பிறகு முன்னோக்கி, பிறகு பக்கவாட்டில், கடைசியாக ஒற்றைக்காலில். திருப்பங்களை அரை வேகத்தில் தொடங்கி முழு வேகத்துக்கு வாரக்கணக்கில் வளர்க்கவும். பலப்பயிற்சியை வாரம் இரண்டு நாளாவது விடாமல் தொடர வேண்டும்.

## ஒவ்வொரு மூட்டுக்கும் தனிக் கவனம்

கணுக்கால்: ஒருமுறை மடங்கிய கணுக்கால் மறுபடியும் மடங்க வாய்ப்பு அதிகம். வெளிப்பக்க லிகமென்ட் தளர்வதோடு, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வும் மங்கிவிடுகிறது. ஒற்றைக்கால் நிலையைத் தலையணைமேல் செய்வதும், நிற்கும்போது பந்தை எறிந்து பிடிப்பதும் அந்த உணர்வைக் கூர்மையாக்கும். களத்தில் இறங்கும்போது கணுக்கால் பட்டை அணிவது நல்லது.

குதிகால் நாண்: காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்கு மேலே இறுக்கமும் வலியும் இருந்தால் இதைச் செய்யவும். படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று, இரு காலாலும் உயர்ந்து, வலிக்கும் காலால் மட்டும் குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்கவும். சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல், சராசரியாக 44 வயதுள்ள 15 பொழுதுபோக்கு விளையாட்டாளர்களுக்கு இதைக் கொடுத்தார். முட்டியை நீட்டியும் மடக்கியும் 15 முறை, மூன்று சுற்று, தினமும் இரு வேளை, 12 வாரம். பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். வலி குறைய ஒரு மாதமாவது ஆகும் என்பதால் இடையில் கைவிடாதீர்கள்.

தோள்: ஒருமுறை விலகிய தோளுக்கு ஆபத்தான நிலை, கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்னோக்கித் திருப்புவது. பந்து எறியக் கையை ஓங்கும் நிலை அது. ஆரம்ப வாரங்களில் அதைத் தவிர்க்கவும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சி தோளைப் பிடித்துவைக்கும் சிறு தசைகளைப் பலப்படுத்தும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். கை மெல்ல மெல்ல உயராமல் போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

முட்டியின் ஆழ மடக்கம்: சம்மணமும் குந்தி உட்கார்வதும் நம் வாழ்க்கையின் பகுதி. அவற்றை அடியோடு விட்டுவிட்டால் மூட்டு மேலும் இறுகும். தலையணைமேல் உட்கார்ந்து சம்மணமிடத் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறையுங்கள். வலி விதி இங்கேயும் உண்டு. முட்டியில் அணியும் நீ கேப் உறை நடைக்குத் தைரியம் கொடுக்கும்; தசையின் வேலையைச் செய்யாது.

## எடை, உணவு, உறக்கம்

முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிமேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாகத் தெரியவந்தது. ஐந்து கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ. முட்டிக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

தசை வளரப் புரதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். பலப்பயிற்சி செய்பவர்களுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பயன் தரும். நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓரமாகவும் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம். காலை இட்லியோடு இரண்டு முட்டை, மதியம் மீனோ கெட்டிப் பருப்போ, மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் ஒரு தம்ளர் பால் என்று மாற்றினால் கணக்கு நேராகிவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பயிற்சியின்போது சர்க்கரை தாழக்கூடும் என்பதை மருத்துவரிடம் பேசிவிட்டு, கையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். தசையும் நாணும் உறுதிப்படுவது ஓய்வில்தான் என்பதால் ஏழு மணி நேர உறக்கத்தையும் பயிற்சியின் பகுதியாகவே எண்ணுங்கள்.

## பெண்களுக்கு

கல்லூரி நாட்களோடும் திருமணத்தோடும் ஆட்டம் நின்றுபோன பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அடிபட்ட முட்டிக்கு அன்று சரியான சிகிச்சையும் கிடைத்திருக்காது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் அதிகம் நேர்கிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. பலப்பயிற்சி தசையோடு எலும்பையும் காக்கிறது. மேலே சொன்ன திட்டத்தில் பெண்களுக்கென்று எதையும் குறைக்கத் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது, வாரம் மூன்று நாள் முக்கால் மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பது.

## வலி திரும்பினால்

16 வாரத்தில் ஒருமுறையாவது முட்டி முரண்டு பிடிக்கும். பயிற்சியை அடியோடு நிறுத்தாதீர்கள். முந்தைய வாரத்தின் அளவுக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் குதிப்பையும் ஓட்டத்தையும் மட்டும் தள்ளிவைக்கவும். நடையும் வலிக்காத பயிற்சிகளும் தொடரட்டும். புதிதாக மடங்கிய கணுக்காலையோ திருகிய முட்டியையோ அழுத்தித் தேய்த்துச் சுளுக்கு எடுக்க விடாதீர்கள். கிழிந்த திசு மேலும் கிழியும். ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

## களம் திரும்புதல்

16 வாரமும் மூன்று நிபந்தனைகளும் முடிந்தபின் பாதி ஆட்டம், பழகியவர்களோடு, பிடி இல்லாத தொடு கபடி என்று தொடங்கலாம். ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் உடம்பைச் சூடேற்றவும்: மெல்லோட்டம், அரை பஸ்கி, பக்கவாட்டு ஓட்டம், சிறு குதிப்பு. கால்பந்துக்காரர்களுக்காக உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு இதே முறையில் வகுத்த 20 நிமிடப் பயிற்சி, தவறாமல் செய்த அணிகளில் காயங்களைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது. ஏ.சி.எல். அறுந்து அறுவை செய்யாதவர்களும், முட்டி இன்னும் விலகுகிறவர்களும் பாடிப் போவதைத் தவிர்க்க வேண்டும். கணுக்காலைப் பிடித்துத் திருகும் அந்த நொடியில் முட்டியைக் காக்க லிகமென்ட் வேண்டும். தசை மட்டும் போதாது. இளையவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, நடுவராக நிற்பது, மெல்லோட்டம், நீச்சல் ஆகியவை அவர்களுக்குத் திறந்தே இருக்கின்றன.

அதன் பிறகும் வாரம் இரண்டு நாள் பலப்பயிற்சியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் சில மாதங்களில் பலம் கரைந்துவிடும். பொங்கல் ஆட்டத்தில் இறங்க விரும்புகிறவர்கள் செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் 16 வாரம் சரியாக அமையும். ஆட விரும்பாதவர்களுக்கும் இந்தத் திட்டம் தேவை. அறுபதிலும் எழுபதிலும் கை ஊன்றாமல் தரையிலிருந்து எழவும், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கவும் வேண்டிய பலம் இப்போது இந்தத் தொடையில் சேர்ப்பதுதான். இன்றைக்கே ஒரு நாடாவை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்து, தேதி போட்டு எழுதிவையுங்கள். நாளைக் காலை நடை தொடங்கட்டும்.